உப்புக் கல்லும் எக்ஸ் கதிரும்

சென்னையினின்று மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையிலே, படூரைக் கடந்து தெற்கு நோக்கிச் சிறிது தூரம் செல்வோர்க்குக் கேளம்பாக்கத்து உப்பளங்கள் காட்சியளிக்கும். உப்பு நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி வெயிலிற் காயவிடுவர். நீர் ஆவியாய்ப் போக, உப்புக் கல் கல்லாய் விளையும். சென்ற கோடையில் மாணாக்கர் சிலரோடு நாம் அவ்வழியே சென்றபொழுது, அவருள் ஒருவர் வரப்பிலே குனிந்து சிறு கல் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "இஃது ஏன் எப்பொழுதும் சதுரப் பக்கங்களோடே விளைகின்றது?" என வினவினார்.

அவ்வினாவிற்கு உலகம் விடை கண்டது 1913-ஆம் ஆண்டில். அதற்கு முந்திய ஆண்டிலே ஜெர்மனி தேயத்து லௌவே என்பாரும் அவர் துணைவரும், படிகத்தின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அப்பாலுள்ள தகட்டில் ஒழுங்கான புள்ளிகள் விழும் எனக் கண்டனர். இங்கிலாந்திலே பிராக் என்னும் தந்தையும் மகனும் அப்புள்ளிகளைக் கொண்டு, சோடியமும் குளோரினும் சதுரங்கப் பலகையின் வெள்ளைக் கட்டமும் கரிய கட்டமும் போல மாறி மாறி மூன்று திசையிலும் அடுக்கப்பட்டுள்ளன எனக் காட்டினர். அவ்வடுக்கின் வடிவமே கல்லின் வடிவமாய் வெளிப்படுகின்றது.

ஆயின் ஒன்று கவனிக்கத் தக்கது. தகட்டிலே புள்ளிகள் மட்டுமே உள. அணு ஒன்றேனும் அதிற் காணப்படாது. புள்ளிகளை அளந்து, திருத்தி, தொகுத்து, அவற்றினின்று அணுக்களின் இருப்பை உய்த்துணர வேண்டும். இவ்வேலையை இக்காலத்துக் கணிப்பொறி சில நிமிஷங்களிற் செய்துவிடுகின்றது. அதனாலேயே மாணாக்கர் பலர், அது முற்றும் பொறியின் வேலை என்றும், தமக்கு அதில் ஆராய வேண்டுவது ஒன்றுமில்லை என்றும் எண்ணிவிடுகின்றனர். இவ்வெண்ணம் தவறு. ஆண்டுதோறும் நம்மிடம் கேட்கப்படும் வினாக்களுள் ஆறனை எடுத்து, அவற்றின் வாயிலாக இதனை விளக்க முற்படுகின்றோம்.

1. புள்ளி எதனைக் கூறுகின்றது? எதனைக் கூறவில்லை?

புள்ளி விழுந்த இடம் ஒரு செய்தி. அதன் செறிவு மற்றொரு செய்தி. இடத்தினின்று படிகத்தின் அலகுக் கூட்டை, அதாவது மீண்டும் மீண்டும் அடுக்கப்படும் சிறு பெட்டியின் அளவை, அறிகின்றோம். பிராக் விதி கூறுவது இது: அணுத் தளங்களின் இடைவெளியை இரட்டித்து, கதிர் தளத்தோடு செய்யும் கோணத்தின் ஸைன் மதிப்பால் பெருக்கினால், அலைநீளத்தின் முழு மடங்கு கிடைக்கும். உப்பின் அலகுக் கூட்டின் பக்கம் 5.64 ஆங்ஸ்ட்ராம். (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.) அதிற் பாதியாகிய 2.82 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியுள்ள தளங்களின்மேல், 1.54 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள செம்பின் எக்ஸ் கதிரை விடுக. ஸைன் மதிப்பு 1.54-ஐ 5.64-ஆல் வகுத்து வருவது. கோணம் ஏறக்குறைய 15.9 பாகை. கதிர் தன் வழியினின்று அதனிரு மடங்காகிய சுமார் 31.7 பாகை திரும்பும். இக்கணக்கை மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் தம் கையாற் செய்து பார்த்தல் நன்று.

பெட்டிக்குள் எவ்வணு எங்குளது என்பதைச் செறிவு கூறும். ஆயின் பாதியே கூறும். கோவளத்துக் கரையில் நின்று, வரும் அலை ஒவ்வொன்றின் உயரத்தையும் ஒருவர் குறித்துக்கொண்டார் என வைத்துக்கொள்வோம். எவ்வலை எந்நொடியில் வந்தது என்பதை அவர் குறிக்கவில்லையாயின், அவ்வலைகளை மீண்டும் கூட்டிக் கடலின் மேற்பரப்பை வரைந்து காட்ட அவரால் இயலாது. அங்ஙனமே தகடு அலையின் வலிமையைப் பதிக்கும். அதன் கட்டத்தைப் பதியாது. இதனைக் கட்டச் சிக்கல் என்பர். அது பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

2. மங்கலான புள்ளிகளை விட்டுவிடலாமா?

இவ்வினாவிற்கு உப்பே விடை தருகின்றது. உப்பின் அடுக்கில், மூலைக்கு மூலை குறுக்கே வெட்டிச் செல்லும் ஒருவகைத் தளங்கள் உள. அவற்றுள் ஒன்று முழுவதும் சோடியம். அடுத்தது முழுவதும் குளோரின். இவ்விரண்டும் எதிரெதிர்க் கட்டத்திற் சிதறுவதால் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். சோடிய அயனிக்கு 10 எலெக்ட்ரான், குளோரின் அயனிக்கு 18. ஆதலின் முற்றும் அழியாமல், அவ்வேறுபாட்டின் அளவே எஞ்சி, ஒரு மங்கலான வரை தோன்றும். தூளாக்கிய உப்பின் படத்திலே, மேற்கூறிய வலிய வரையின் எட்டில் ஒரு பங்கே அதன் செறிவு.

இனி, உப்பிற்கு உடன்பிறப்புப் போன்ற பொட்டாசியம் குளோரைடை எடுப்போம். பொட்டாசிய அயனிக்கும் 18 எலெக்ட்ரான். குளோரின் அயனிக்கும் 18. ஆகவே அம்மங்கல் வரை அறவே மறைந்துவிடுகின்றது. எக்ஸ் கதிருக்கு அவ்விரு அணுக்களும் ஒன்றேபோற் றோன்ற, அலகுக் கூட்டின் பக்கம் உண்மையிற் பாதியே எனப் படம் பொய் கூறும். இப்பொய்யைப் பிராக் கண்டுகொண்டது உப்பின் படத்தோடு இதனை ஒப்பிட்டே. உப்பின் மங்கல் வரையை, "இஃது எளியது, பொருட்படுத்த வேண்டா" என அவர் தள்ளியிருப்பாராயின், உப்பின் அமைப்பும் தவறிப்போயிருக்கும்.

ஆதலின், கணிப்பொறி ஓர் அலகுக் கூட்டைத் தேர்ந்தவுடன், மாணாக்கர் படத்தைத் தம் கண்ணால் நோக்க வேண்டும். தேர்ந்த கூட்டிற்கு அடங்காத மங்கற் புள்ளிகள் வலிய புள்ளிகளின் இடையே வரிசையாய் நிற்கின்றனவா? நிற்பின், கூடு பெரியது. சமச்சீரைத் தேர்வதிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். படிகச் சமச்சீர் வகைகள் மொத்தம் 230. ஒரே கைவாட்டமுடைய புரதங்களுக்கு அவற்றுள் 65 மட்டுமே பொருந்தும். சமச்சீரால் ஒத்திருக்க வேண்டிய புள்ளிகள் உண்மையில் ஒத்துள்ளனவா எனச் சோதித்த பின்னரே உயர்ந்த சமச்சீரை ஏற்க வேண்டும்.

3. செறிவு எதிர்மறையாய் வருவது எங்ஙனம்?

"வெளிச்சம் சுழிக்குக் கீழ் இருத்தல் கூடுமோ?" என மாணாக்கர் நகைப்பர். கூடாது, ஆயின் அளவை கூடும். ஒரு புள்ளியின் இடத்திலே உணர்கருவி 412 எண்ணிற்று என்க. சூழவுள்ள இடத்தினின்று கணித்த பின்னணி 420. கழித்தால் வருவது 8 குறைவு. எண்ணிக்கையின் இயல்பான தடுமாற்றம் அதன் வர்க்கமூலத்தளவு, அதாவது இங்கே 20 வரையில் இருக்கும். எனவே 8 குறைவு என்பதன் பொருள், "இப்புள்ளி மிக எளியது; சுழியினின்று பிரித்தறிய இயலாதது" என்பதே. அதுவும் ஒரு செய்தியே.

எதிர்மறை எண்களையெல்லாம் தள்ளிவிட்டால் விளையும் கேடு யாது? எளிய புள்ளிகளுள், தடுமாற்றத்தால் மேலே போனவை மட்டும் எஞ்சும். கீழே போனவை மறையும். அதனால் எளிய புள்ளிகளின் சராசரி உண்மையினும் மிகுந்துவிடும். ஆதலின் அவற்றையும் குறித்துவைத்து, அவற்றிற்குரிய ஐயத்தின் அளவோடு வழங்க வேண்டும். அவ்வெண்களினின்று பொருத்தமான மதிப்பைக் கணிக்கும் முறையை பிரெஞ்ச், வில்சன் என்னும் இருவர் 1978-இல் வகுத்தளித்தனர்.

4. பலமுறை அளந்தால் பிழை விகிதம் ஏறுகின்றதே, ஏன்?

ஒரே புள்ளியைப் பன்முறை அளந்து, அளவைகள் சராசரியினின்று எத்துணை விலகுகின்றன என்பதைச் சதவீதமாய்க் கூறும் எண்ணை ஆர்-மெர்ஜ் என்பர். அது சிறிதாயின் நன்று எனப் பலரும் கருதுவர். ஒரு சிறு கணக்குச் செய்வோம். ஒரு புள்ளி இருமுறை அளக்கப்பட்டு 98, 106 என வந்தது. சராசரி 102; விலகல் நான்கும் நான்கும்; விகிதம் 3.9 சதவீதம். மேலும் இருமுறை அளக்க 94, 110 என வந்தது. சராசரி அதே 102, விகிதமோ 5.9 ஆயிற்று. மிகுதியாய் உழைத்தவர் தாழ்ந்தவர் போலவும், குறைவாய் உழைத்தவர் உயர்ந்தவர் போலவும் இவ்வெண் காட்டுகின்றது. இருமுறையே அளக்கும்பொழுது சராசரி அவ்விரண்டின் நடுவே இழுக்கப்பட்டு, விலகல் சிறிதாய்த் தோன்றுவதே காரணம்.

டீடெரிக்ஸ், கார்ப்ளஸ் என்போர் 1997-இல் இதனைத் திருத்தினர். அளவைகளின் தொகையை அதனினும் ஒன்று குறைந்த எண்ணால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தாற் பெருக்கினால் நேர்மையான விகிதம் வரும். மேற்கூறிய இரண்டும் அப்பொழுது 5.5, 6.8 என நெருங்கிவிடுகின்றன. சிறிய எண்ணைக் காட்டிப் பெயர் பெறும் பொருட்டு, விலகி நிற்கும் அளவைகளை நீக்குவோரும் உளர். பனிக்கட்டியின் வளையம் புள்ளியின்மேல் விழுந்தது போன்ற காரணம் காட்டக் கூடுமாயின் நீக்கலாம். சராசரியோடு ஒவ்வவில்லை என்பது மட்டும் காரணமாகாது.

5. எவ்வெல்லையோடு அளவையை நிறுத்துவது?

படத்தின் நடுவினின்று புறம் செல்லச் செல்லப் புள்ளிகள் மங்கிக்கொண்டே போகும். ஆயின் நுண்ணிய விவரங்களைத் தருவன அப்புறப் புள்ளிகளே. செறிவு அதன் ஐயத்தின் இருமடங்கிற்குக் குறையுமிடத்தில் நிறுத்துக என்பது நெடுநாள் வழக்கம். 2012-இல் கார்ப்ளஸும் டீடெரிக்ஸும் அவ்வழக்கம் பயனுள்ள செய்தியை வீணாக்குகின்றது எனக் காட்டினர். அளவைகளைக் குருட்டாம்போக்காய் இரு கூறாக்கி, ஒரு கூறு மற்றொன்றோடு எவ்வளவு ஒத்துச் செல்கின்றது எனப் பார்ப்பது அவர் கூறிய முறை. ஒத்துச் செல்லும் வரையில் அங்கே செய்தி உண்டு. அதனைச் சேர்த்தால் இறுதி அமைப்பு மேம்படுகின்றதா எனவும் சோதித்து எல்லையை உறுதி செய்யலாம். இங்கும் நாம் காண்பது முன் கூறியதே: எளிய சாட்சியைக் கேளாமலே தள்ளுதல் நீதியன்று.

6. கட்டத்தைப் பெறுவது எங்ஙனம்? அதிலே தவறு நேர்ந்தால் யாதாகும்?

இவ்விடத்தே நம் நாட்டவர் செய்த பணியை எடுத்துரைத்தல் வேண்டும். படூரினின்று வடக்கே சென்றால் அடையும் கிண்டியிலே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராய் 1952-இல் வந்தவர் கோ. நா. ராமச்சந்திரன். எர்ணாகுளத்திற் பிறந்து, பெங்களூரில் ஸி. வி. ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜிலும் ஆராய்ந்தவர். அப்பொழுது அவருக்கு வயது முப்பதே.

ஒவ்வொரு புள்ளிக்கும் நேரெதிரே ஓர் இணைப்புள்ளி உண்டு. இரண்டும் செறிவில் ஒத்திருக்கும் என்பது ஃப்ரீடெல் விதி. ஆயின் படிகத்திலே ஒரு கனமான அணு இருந்து, கதிரின் அலைநீளமும் அவ்வணு விழுங்கும் அலைநீளத்தை அணுகியிருந்தால், அவ்வொற்றுமை சிறிது குலையும். இதனை முறைபிறழ்ந்த சிதறல் என்பர். ஹாலந்து தேயத்துப் பைஃபூட் குழுவினர் 1951-இல் இச்சிறு வேறுபாட்டைக் கொண்டு, ஒரு மூலக்கூறு வலக்கை வடிவினதா, இடக்கை வடிவினதா என முதன்முதலாய்த் தீர்மானித்தனர். ராமச்சந்திரனும் எஸ். ராமன் என்பாரும் 1956-இல் ஒரு படி மேற்சென்று, அவ்வேறுபாட்டினின்று கட்டத்தையே கணிக்கலாம் என வழி வகுத்தனர். சிதம்பரத்திற் பிறந்த வேங்கடராமன் ராமகிருஷ்ணன் குழுவினர் 2000-இல் ரிபோசோமின் சிறு பகுதியின் அமைப்பை வெளியிட்டபொழுது, கனமான உலோக அணுக்களின் இத்தகைய சிதறலே அவர்க்குக் கட்டத்தைத் தந்தது. அப்பணி 2009-இல் நோபெல் பரிசு பெற்றது.

அவ்வேறுபாடு பெரும்பாலும் சில சதவீதமே. அதன் அளவு மட்டுமன்றி, இணையில் எது பெரிது, எது சிறிது என்பதும் முக்கியம். அதனை மாற்றிவிட்டால், வலம்புரிச் சங்கு இடம்புரியாய்விடும். இது வெறும் உவமையன்று, நேர்ந்த செய்தி. அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில், செல்லின் சவ்வினூடே பொருள்களைக் கடத்தும் புரதங்களின் அமைப்புக்கள் 2001 முதல் வெளியிடப்பட்டன. அறிஞர் பலர் அவற்றை நம்பித் தம் பணியைத் தொடங்கினர். 2006-இல் ஸ்விட்சர்லாந்தினர் அவ்வினத்துப் புரதம் ஒன்றின் தெளிவான அமைப்பை வெளியிட, இரண்டும் ஒவ்வாமை புலப்பட்டது. காரணம் தேடியபொழுது, அளவைகளைத் தொகுக்கும் சொந்தக் கணிப்பொறி நிரலில், இணைப்புள்ளிகளுக்குரிய இரு நிரல்கள் இடம் மாறியிருந்தமை தெரியவந்தது. முதல் அமைப்பின் படம் 4.5 ஆங்ஸ்ட்ராம் தெளிவே உடையதாதலின், கைமாற்றம் கண்ணிற்குப் புலப்படவில்லை. ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. படிகம் நல்லது; கருவி நல்லது; உழைப்பும் நேர்மையானதே. இரு பத்திகளின் இடமாற்றம் ஆண்டுகள் பலவற்றின் பணியை அழித்தது.

இனிப் பிழையை எதிர்கொள்ளும் முறைக்கும் கிண்டியே நமக்கு எடுத்துக்காட்டு. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல், தோலுக்கும் தசைநாருக்கும் உறுதியளிக்கும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு எனவும், 1955-இல் அவ்விழைகள் கயிறுபோல் ஒன்றையொன்று முறுக்கியுள்ளன எனவும் வெளியிட்டனர். கேம்பிரிட்ஜிலிருந்து ரிச், கிரிக் என்போர், அவ்வமைப்பிலே சில அணுக்கள் அளவிற்கு மிஞ்சி நெருங்கியுள்ளன எனக் குறை கூறினர். இழைகளுக்கிடையே சென்னையார் கூறிய ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டு. அவர் கூறியது ஒன்று. மூவிழைக் கயிறு என்னும் கருத்து நிலைத்தது. இரண்டாம் நேர்ப்பிணைப்போ நிலைக்கவில்லை.

இக்குறை கேட்டு ராமச்சந்திரன் சினந்து வாளாவிருந்தாரல்லர். "அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?" என்பதையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். அதுவரை வெளியான படிக அமைப்புக்களை ஆராய்ந்து, அணுவினத்திற்கு அணுவினம் கூடிய குறைந்த தூரங்களை அட்டவணைப்படுத்தி, அவற்றைக்கொண்டு புரத இழை எவ்வெக்கோணங்களிற் றிரும்பலாம், எவற்றிற் றிரும்பலாகாது எனக் காட்டும் ஒரு வரைபடத்தை ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்போரோடு சேர்ந்து 1963-இல் வெளியிட்டார். (இவ்விராமகிருஷ்ணன் மேற்கூறிய நோபெல் அறிஞர் அல்லர்.) ராமச்சந்திரன் வரைபடம் என உலகெங்கும் வழங்குவது அதுவே. இன்று எந்நாட்டு மாணாக்கர் புரத அமைப்பொன்றை முடித்தாலும், அது சரியோ எனச் சோதிக்கும் உரைகல்லாய் அதனை வைத்துப் பார்க்கின்றனர்.

இவ்வாறு வினாக்களையெல்லாம் ஒருங்கே நோக்கின், மாணாக்கர் கொள்ள வேண்டிய பழக்கங்கள் சிலவே எனத் தோன்றும். மூலப் படங்களை அழியாது காத்தல் வேண்டும். தொகுத்த பின் தவறு தெரிந்தால் மீள வழி அதுவே. எவற்றை நீக்கினோம், ஏன் நீக்கினோம் எனக் குறிப்பேட்டில் அன்றே எழுதுதல் வேண்டும். அளவைகளுள் சுமார் ஐந்து முதற் பத்து சதவீதத்தைத் தனியே வைத்து, அமைப்பைத் திருத்துங்கால் அவற்றைத் தொடாதிருந்து, இறுதிவரை அவற்றாற் சோதித்தல் வேண்டும். இது புருங்கர் 1992-இல் கூறிய முறை. அமைப்பை மட்டுமன்றி அதற்கு ஆதாரமான அளவைகளையும் பிறர் காணக் கொடுத்தல் வேண்டும். 1971-இற் றொடங்கிய உலகப் புரத அமைப்புக் களஞ்சியம் 2008 முதல் இதனைக் கட்டாயமாக்கியுள்ளது. புதிய நிரல் ஒன்றைக் கையாளுமுன், விடை தெரிந்த ஒரு படிகத்தை அதனுள் இட்டுப் பார்த்தல் வேண்டும். இடம் மாறிய இரு பத்திகளை இவ்வொரு சோதனையே முதல் நாளிற் காட்டிக்கொடுத்திருக்கும்.

வரப்பிலே எடுத்த அவ்வுப்புக் கல்லை நாம் பொடித்து ஆய்வுக்கூடத்திற் படம் எடுத்தோம். 31.7 பாகை அருகே வலிய வரை நின்றது, 27.4 பாகை அருகே, உற்று நோக்குவார்க்கு மட்டும் தெரியும் அம்மங்கல் வரையும் நின்றது. வினவிய மாணாக்கர் தம் கணக்கை இருமுறை சரிபார்த்து, அதனையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு வரும் மாணாக்கரும் புரதத்தைத் தொடுமுன் உப்பினின்றே தொடங்குவாராக என விழைகின்றோம்.